கோல்பர்கள்: குர்து எல்லையில் சுமையும் சாவும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமைகளைச் சொல்லித் தொடங்குவது வழக்கம். எனக்கு முன் பேசிய தோழர்கள் அதை நிறைவாகச் செய்துவிட்டார்கள். நான் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

கோல்பர் என்று ஒரு சொல். குர்து மொழியிலும் பாரசீகத்திலும் புழங்குவது. கோல் என்பது தோளும் முதுகும் சேர்ந்த இடம். பர் என்பது சுமப்பது. முதுகில் சுமை சுமப்பவர் என்று பொருள். ஈராக்குக்கும் ஈரானுக்கும் நடுவே இருக்கும் ஸாக்ரோஸ் மலைகளில், ஈராக் பக்கத்திலிருந்து சரக்கை முதுகில் கட்டிக்கொண்டு ஈரான் பக்கம் இறங்கும் குர்துத் தொழிலாளர்களுக்கு இதுதான் பெயர். பல்லாயிரம் பேர் இந்த வேலை செய்கிறார்கள். தேயிலை, சிகரெட், துணி, டயர், தொலைக்காட்சிப் பெட்டி, குளிரூட்டி, கைபேசி, அழகு சாதனங்கள், சில சமயம் மது. பெரும்பாலும் இவைதான் சுமை. இவற்றுக்காகத்தான் ஆண்டுதோறும் ஆட்கள் சுடப்பட்டுச் சாகிறார்கள்.

அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்த நண்பர் ஒருவர், "நம்ம ஊர்ல சுமை தூக்குறவங்க இல்லையா, அவ்வளவு தூரம் போகணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சுமை தூக்குகிறவரைக் குற்றவாளி ஆக்கி, சுமைக்கு உரியவரை வணிகராகவே விட்டுவைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அது எப்படி வேலை செய்கிறது என்று விளங்கிக்கொள்ள, அது பச்சையாகத் தெரியும் இடத்துக்குப் போய்ப் பார்ப்பது நல்லது. குர்து எல்லை அப்படிப்பட்ட இடம்.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

ஈரானின் மேற்கு ஓரத்தில் மேற்கு அஜர்பைஜான், குர்திஸ்தான், கெர்மான்ஷா என்ற மாகாணங்கள் வரிசையாக இருக்கின்றன. பிரான்ஷஹர், சர்தஷ்த், பானே, மரீவான், நவ்சூத் என்று எல்லையை ஒட்டி ஊர்கள். மறுபக்கம் ஈராக்கியக் குர்திஸ்தான். சுலைமானியா, பென்ஜ்வின், ஹலப்ஜா. வெளிநாடுகளில் செய்த பொருள்கள் அந்தப் பக்கத்துச் சந்தைகளுக்குச் சட்டப்படியே வந்து இறங்குகின்றன. அங்கிருந்து எல்லையோரக் கிடங்குகளுக்கு லாரியில் வரும். லாரி அதற்கு மேல் போகாது. போகும் பாதை மனிதக் காலுக்கும் கோவேறு கழுதைக்கும் மட்டுமே உண்டு.

கோல்பர் இரவில் வெறுங்கையோடு மலையேறி அந்தப் பக்கம் போவார். கிடங்கில் சுமையைச் சாக்கிலோ பிளாஸ்டிக் உறையிலோ சுற்றி, தோளில் மாட்ட வாகாகப் பட்டை கட்டித் தருவார்கள். இருபத்தைந்து கிலோ என்றால் குறைவு. ஐம்பது கிலோ சாதாரணம். கூலி பெரும்பாலும் எடைக்கு ஏற்ப என்பதால் உடம்பில் தெம்பு உள்ளவர் அதற்கு மேலும் கட்டிக்கொள்வார். நம் பக்கத்தில் தலைச்சுமைக்குச் சும்மாடு உண்டு. வழியில் இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் நட்டுவைத்தார்கள். அந்த மலையில் அப்படி எதுவும் கிடையாது. முதுகுச் சுமையைக் கழற்றினால் மறுபடி தனியாக மாட்டிக்கொண்டு எழுவது பெரும்பாடு. ஆகவே சுமையோடு பாறையில் சாய்ந்தபடி மூச்சு வாங்கிவிட்டு நடப்பார்கள்.

போய் வர ஓர் இரவு ஆகலாம். பனி விழுந்தால், அல்லது காவல் நிலையத்தில் நடமாட்டம் தெரிந்தால், பாறை மறைவில் பதுங்கிக் கிடக்க வேண்டும். அப்போது இரண்டு நாளும் ஆகும். இருபது வயதுப் பையன்களும் இருக்கிறார்கள், அறுபது வயதுக்காரர்களும் இருக்கிறார்கள். பட்டம் பெற்றுவிட்டு வேலை கிடைக்காதவர்கள், விளையாட்டில் பதக்கம் வாங்கியவர்கள், சம்பளம் போதாத ஆசிரியர்கள் என்று பலரைப் பற்றியும் செய்திகள் வந்திருக்கின்றன. பெண்களும் இந்த வேலையில் இருக்கிறார்கள். அதிகமும் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்குகிறவர்கள்.

இறங்கிய பிறகு சரக்கு வேறு கைக்கு மாறும். கீழே வண்டிகள் காத்திருக்கும். ஷூட்டி என்று அழைக்கப்படும் ஓட்டுநர்கள் சரக்கை ஏற்றிக்கொண்டு சோதனைச் சாவடிகளில் நிற்காமல் கண்மண் தெரியாத வேகத்தில் உள்நாட்டு நகரங்களுக்கு ஓட்டுவார்கள். அவர்களும் சுடப்படுகிறார்கள், விபத்தில் சாகிறார்கள். அது தனிக்கதை. சரக்கில் ஒரு பங்கு பானே நகரத்துக் கடைகளுக்குப் போகிறது. பானே சின்ன ஊர். ஆனால் ஈரான் முழுக்கப் பெயர் பெற்றது. தெஹ்ரானிலிருந்தும் இஸ்ஃபஹானிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து தொலைக்காட்சியும் குளிர்சாதனப் பெட்டியும் மலிவாக வாங்கிப் போவார்கள். அடுக்கடுக்கான வணிக வளாகங்கள், விடுதிகள். கடையின் கண்ணாடிக்குப் பின்னால் எரியும் அந்தத் தொலைக்காட்சி ஒருவர் முதுகில் வந்தது என்பது வாங்குகிறவருக்குத் தெரியும். தெரிந்து என்ன?

கோல்பருக்குக் கிடைப்பது சுமைக்கான கூலி மட்டும். சரக்கின் மதிப்போடு ஒப்பிட்டால் அது ஒரு துளி. இன்னொரு சங்கதியையும் கவனிக்க வேண்டும். எல்லைக் காவலர் சரக்கைப் பறித்தாலோ, சுடும்போது உயிர் தப்பச் சுமையைப் போட்டுவிட்டு ஓடினாலோ, பல இடங்களில் அந்த நட்டம் கோல்பர் தலையில்தான் விழும். சரக்குக்காரருக்கு அவர் கடனாளி ஆகிறார். கடனை அடைக்க மறுநாள் மறுபடி மலையேற வேண்டும். துப்பாக்கிச் சத்தம் கேட்ட பிறகும் சுமையைக் கழற்றாமல் ஏன் ஓடினார் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

சரி, இந்த வேலைக்கு ஏன் போகிறார்கள்? வறுமை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் வறுமை வானத்திலிருந்து விழுவதில்லை.

குர்துகளின் நிலத்தில் கோடு விழுந்தது நேற்றல்ல. 1514இல் சால்திரான் போரில் உதுமானியரும் சஃபாவியரும் மோதிக்கொண்டபோதே அந்த நிலம் இரண்டு பேரரசுகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. 1639இல் ஸுஹாப் உடன்படிக்கை ஏறத்தாழ இன்றைய ஈரானின் மேற்கு எல்லையை வகுத்தது. அது காகிதத்தில் இருந்த எல்லை. இடையர்கள் கோடையில் ஒரு பக்கமும் குளிரில் மறுபக்கமுமாக ஆடு ஓட்டிக்கொண்டு போனார்கள். பெண் கொடுத்தார்கள், எடுத்தார்கள். முதல் உலகப் போருக்குச் சற்று முன்னால் பிரிட்டனும் ரஷ்யாவும் சேர்ந்த ஆணையம் ஒன்று வந்து எல்லைக் கற்களை நட்டது. போருக்குப் பிறகு, 1920இல் செவ்ர் உடன்படிக்கை குர்துகளுக்குத் தன்னாட்சி பற்றி ஏதோ நம்பிக்கை காட்டியது. 1923இல் லொசான் உடன்படிக்கையில் அந்தப் பேச்சே காணாமல் போனது. துருக்கி, ஈரான், ஈராக், சிரியா என்று நான்கு நாடுகளில் குர்துகள் சிதறினார்கள். நேற்றுவரை சந்தைக்குப் போன பாதை, அதே கால்கள் அதே மூட்டையோடு நடந்தபோதும், கடத்தல் பாதை ஆனது.

ஈரானுக்குள் 1946இல் மஹாபாத்தில் ஒரு குர்துக் குடியரசு அறிவிக்கப்பட்டது. ஓராண்டுகூட நிலைக்கவில்லை. அதன் தலைவர் காஸி முஹம்மது 1947 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டார். 1979 புரட்சிக்குப் பிறகு தன்னாட்சி கேட்ட குர்து இயக்கங்களை இஸ்லாமியக் குடியரசு ஆயுதத்தால் அடக்கியது. அந்த நாளிலிருந்து குர்துப் பகுதிகளை அரசு பாதுகாப்புப் பிரச்சினையாகவே பார்த்து வருகிறது. முகாம் வந்தது, காவல் கோபுரம் வந்தது, தொழிற்சாலை வரவில்லை. அங்குள்ள குர்துகளில் மிகப் பலர் சன்னி முஸ்லிம்கள். நாட்டின் அதிபராக வருபவர் ஷியா மார்க்கத்தவராக இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 115ஆம் பிரிவே சொல்கிறது. அரசு வேலைக்கு ஆள் எடுக்கும்போது கொள்கைப் பற்றையும் சமயப் பற்றையும் சோதிக்கும் ‘கொஸினேஷ்’ என்ற வடிகட்டல் உண்டு. படித்த குர்து இளைஞர் பலர் அதில் கழிக்கப்பட்டுவிடுகிறார்கள்.

பிறகு போர். 1980 முதல் 1988 வரை ஈரானும் ஈராக்கும் நடத்திய போரின் களம் இந்த மலைகள். 1987 ஜூன் 28 அன்று ஈராக் விமானங்கள் சர்தஷ்த் ஊரில் கடுகு வாயுக் குண்டுகளைப் போட்டன. அடுத்த ஆண்டு மார்ச்சில் எல்லைக்கு அந்தப் பக்கம் ஹலப்ஜாவில் ஏறத்தாழ 5000 குர்துகள் நச்சு வாயுவில் செத்தார்கள். போர் முடிந்தது, புதைத்த லட்சக்கணக்கான கண்ணிவெடிகள் மண்ணிலேயே தங்கின. மேய்ச்சல் நிலம், தோட்டம், மலைச்சரிவு எல்லாம் அபாய நிலம் ஆயின. இன்று கோல்பர்கள் கால் இழப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ புதைத்த வெடியில். பனி உருகும்போதும் மழையில் மண் சரியும்போதும் வெடி இடம் மாறும். நேற்று நடந்த பாதை இன்று பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது.

குர்துகளுக்கு மலையைத் தவிர நண்பர் இல்லை என்று அவர்களிடையே ஒரு பழமொழி உண்டு. குர்துகளைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அதை எடுத்துப் போடுவார்கள். கெரில்லாக்களுக்கு அது பொருந்தலாம். ஐம்பது கிலோவோடு ஏறுகிறவரிடம் மலை யாருடைய நண்பர் என்று கேட்டால் வேறு பதில் வரும்.

இனி சட்டம். கோல்பர் வேலையை ஈரான் அரசு ஒரு கையால் அனுமதித்து மறு கையால் தடுக்கிறது. எல்லையோரக் குடும்பங்களுக்கு அட்டை கொடுத்து, குறிப்பிட்ட கணவாய்கள் வழியாக, குறிப்பிட்ட பொருள்களை, குறிப்பிட்ட அளவு கொண்டுவரலாம் என்று அவ்வப்போது திட்டம் போடுவார்கள். எல்லையோரச் சந்தைகள் திறக்கும். பிறகு ஏதாவது காரணம் சொல்லிக் கணவாயை மூடிவிடுவார்கள். அட்டை எல்லோருக்கும் கிடைப்பதுமில்லை. கிடைத்தாலும் வாயில் திறந்திருக்கும் நாள்களின் வருமானம் வயிற்றுக்குக் காணாது. வாயில் மூடினால் அட்டைக்காரரும் அட்டை இல்லாதவரும் ஒன்றாகத்தான் மலையேறுகிறார்கள். 2018 வசந்தத்தில் எல்லை வாயில்களை மூடியதையும் சுங்க வரி உயர்வையும் எதிர்த்துப் பானே உள்ளிட்ட குர்து நகரங்களில் கடையடைப்பு பல நாள் நீடித்தது.

மலையில் எதிர்ப்படுவது எல்லைக் காவல் படை, அல்லது புரட்சிக் காவல் படை. காவலர் எப்போது சுடலாம், அதற்கு முன் என்னென்ன எச்சரிக்கை தர வேண்டும் என்று ஈரானிலேயே ஒரு சட்டம் இருக்கிறது. முதலில் குரல், பிறகு வானை நோக்கி, பிறகு இடுப்புக்குக் கீழே என்பது அதன் போக்கு. ஆனால் குர்து மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்யும் சாவுகளில் திரும்பத் திரும்ப வருவது முதுகில் பட்ட குண்டு, தலையில் பட்ட குண்டு, கிட்டத்தில் நின்று சுட்டது. ஹெங்காவ், குர்திஸ்தான் மனித உரிமை வலைப்பின்னல் போன்ற அமைப்புகள் ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடுகின்றன. கொல்லப்பட்டவர்களும் காயம்பட்டவர்களுமாகப் பல ஆண்டுகளில் அந்தப் பட்டியல் நூறைத் தாண்டியிருக்கிறது. சாவுக்குப் பெரும்பாலும் காரணம் அரசுப் படையின் துப்பாக்கிதான். குளிரில் உறைதல், பனிச்சரிவு, பள்ளத்தில் விழுதல், கண்ணிவெடி எல்லாம் அதற்குப் பிறகுதான். கழுதைகளையும் குதிரைகளையும்கூடக் கூட்டமாகச் சுட்டுப் போட்டிருக்கிறார்கள். கழுதை வாங்கக் கடன் பட்ட குடும்பத்துக்கு அது வேறு விதமான சாவு.

2017 செப்டம்பர் தொடக்கத்தில் பானே அருகே இரண்டு கோல்பர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். மறுநாள் ஊர் முழுக்கக் கடை அடைத்தது. மக்கள் ஆளுநர் அலுவலகத்தின் முன் கூடினார்கள். 2019 டிசம்பரில் மரீவான் பக்கம் பனிப்புயலில் சிக்கிய பதின்வயதுச் சகோதரர் இருவர் மலையிலேயே உறைந்து இறந்தார்கள். அந்த இறுதி ஊர்வலத்தில் மக்கள் ரொட்டியைக் கையில் பிடித்தபடி நடந்தார்கள். ரொட்டிக்காகப் போய்ச் செத்தவர்கள் என்று அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அரசுக்கு இவர்கள் கடத்தல்காரர்கள். பாரசீகத்தில் ‘காச்சாக்ச்சி’, துருக்கியத்தில் ‘கச்சாக்சி’, ஒரே சொல்தான். குர்துகள் அந்தச் சொல்லை ஏற்பதில்லை. கோல்பர் என்பார்கள், அல்லது காசிப்கார் என்பார்கள். பிழைப்புக்குச் சம்பாதிப்பவர் என்று அதற்குப் பொருள். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கிற அரங்கம் அல்ல இது. பிறர் வைத்த பெயர் எத்தனை தலைமுறையைச் சுடும் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ‘கடத்தல்காரர் சுடப்பட்டார்’ என்றால் அது ஒரு வரிச் செய்தி. ‘சுமை தூக்கும் தொழிலாளி முதுகில் சுடப்பட்டார்’ என்றால் யார் சுட்டது, ஏன் சுட்டது என்று அடுத்த வரி எழுத வேண்டி வரும்.

கடத்தல் என்றே வைத்துக்கொள்வோம். ஈரானுக்குள் வரும் கள்ளச் சரக்கில் முதுகில் வருவது எவ்வளவு இருக்க முடியும்? பெருஞ்சரக்கு கப்பலில், கொள்கலனில் வருகிறது. 2011இல் அன்றைய அதிபர் அஹ்மதிநெஜாத், அனுமதி இல்லாத படகுத் துறைகளைப் பற்றிப் பேசும்போது ‘நம்முடைய கடத்தல்காரச் சகோதரர்கள்’ என்று குத்தலாகச் சொன்னார். அவர் புரட்சிக் காவல் படையைத்தான் சொல்கிறார் என்று நாடே புரிந்துகொண்டது. படைத் தளபதி மறுத்தார். பேச்சு அத்தோடு நின்றது. துறைமுகத்தில் யாரும் சுடப்படவில்லை.

இது குர்துகளோடு நிற்பதுமில்லை. ஈரானின் தென்கிழக்கு மூலையில் பலூச் மக்கள், அவர்களும் சன்னிகள், பாகிஸ்தான் எல்லைக்கு எரிபொருள் கொண்டுபோய் விற்றுப் பிழைக்கிறார்கள். சூக்த்பர் என்று அவர்களுக்குப் பெயர், எரிபொருள் சுமப்பவர். 2021 பிப்ரவரியில் சரவான் எல்லையில் புரட்சிக் காவல் படை சுட்டதில் குறைந்தது பத்துப் பேர் இறந்தார்கள்.

இனித் துருக்கி பக்கம். அங்கே கோல்பர் என்ற சொல் அவ்வளவாக இல்லை, வேலை உண்டு. 1943 ஜூலையில், வான் மாகாணத்தில் ஈரான் எல்லையை ஒட்டிய ஓஸால்ப் வட்டாரத்தில், கால்நடைக் கடத்தல் என்று குற்றம் சாட்டி 33 குர்துக் கிராமத்தவரை விசாரணை இல்லாமல் எல்லைக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். உத்தரவிட்டவர் தளபதி முஸ்தபா முக்லாலி. ஆட்சி மாறிய காலத்தில் அவர்மேல் வழக்கு நடந்தது. மரண தண்டனை விதித்து, வயதைக் காட்டி 20 ஆண்டுச் சிறையாகக் குறைத்தார்கள். 1951இல் அவர் இறந்துபோனார். தியார்பகிரில் பிறந்த கவிஞர் அஹ்மத் ஆரிஃப் இந்தக் கொலைகளைப் பற்றி ‘முப்பத்து மூன்று தோட்டாக்கள்’ என்ற நெடுங்கவிதை எழுதினார். அவர் வெளியிட்ட கவிதைத் தொகுப்பு ஒன்றே ஒன்றுதான்; 1968இல் வந்தது; துருக்கிய மொழியில் மிக அதிகமாக வாசிக்கப்பட்ட கவிதை நூல்களில் ஒன்று. ஒரு கவிதை தேசத்தின் மனசாட்சியில் இடம் பிடித்தது என்று நாம் மகிழ்ந்துகொண்டிருக்கையில், 2004இல் அதே ஓஸால்பில் இருந்த ராணுவ முகாமுக்கு முக்லாலியின் பெயரை வைத்தார்கள். எதிர்ப்புக்குப் பிறகு 2011இல் அந்தப் பெயர் நீக்கப்பட்டது.

அதே 2011 டிசம்பர் 28 இரவு. ஷிர்னாக் மாகாணத்தில் ஈராக் எல்லையை ஒட்டி ரோபோஸ்கி என்ற கிராமம். அரசுப் பெயர் ஒர்தாசு. அந்தக் கிராமத்திலிருந்தும் பக்கத்துக் கிராமத்திலிருந்தும் நாற்பது பேரளவில் கழுதைகளோடு ஈராக்குக்குள் போய் டீசலும் சிகரெட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த பாதை. பாதை ராணுவத்துக்கும் தெரியும். 1990களில் துருக்கி அரசு ஏறத்தாழ 3000 குர்து ஊர்களையும் குடியிருப்புகளையும் காலி செய்தது. மேய்ச்சல் நிலங்களை மூடியது. எஞ்சிய பிழைப்பு இந்தப் பாதை. அந்தக் கிராமங்களில் பலர் அரசிடம் சம்பளம் வாங்கும் ஊர்க்காவலர் குடும்பத்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரசின் பக்கம் நின்றாலும் எல்லையில் அந்த உடம்பு அதே உடம்புதான்.

ஆளில்லா விமானம் அவர்களை மேலிருந்து பார்த்தது. எஃப்-16 விமானங்கள் வந்து குண்டு போட்டன. 34 பேர் செத்தார்கள். சரிபாதிப் பேராவது 18 வயது நிரம்பாதவர்கள். பள்ளிக்கூடப் பையன்கள், கைபேசிக்கும் கல்விச் செலவுக்கும் காசு சேர்க்கப் போனவர்கள். பெரும்பாலோர் ஒரே குடும்பக் கிளையைச் சேர்ந்தவர்கள். ஊர்க்காரர்களே ஓடிப் போய், மனிதச் சதையையும் கழுதைச் சதையையும் பிரித்தெடுத்து, போர்வையில் சுற்றிக் கழுதைமேல் வைத்துக் கொண்டுவந்தார்கள். மறுநாள் அரசு வாய் திறக்கும்வரை துருக்கியின் பெரிய தொலைக்காட்சிகள் அந்தச் செய்தியைச் சொல்லவில்லை.

பிறகு நடந்தது காகித வேலை. 2014 ஜனவரியில் ராணுவ வழக்குத் தொடுநர் இது தவிர்க்க முடியாத பிழை என்று சொல்லி வழக்கை மூடினார். குடும்பங்கள் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனார்கள். சில ஆவணங்களை இரண்டு நாள் தாமதமாகக் கொடுத்தார்கள் என்று 2016இல் மனு தள்ளுபடி. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். உள்நாட்டு வழிகளை முறையாக முடிக்கவில்லை என்று 2018 மே மாதம் அங்கும் ஏற்கவில்லை. 34 உயிருக்கு எதிரே இரண்டு நாள் தாமதம். அரசு அறிவித்த இழப்பீட்டுப் பணத்தைக் குடும்பங்கள் தொட மறுத்தார்கள். டீசல் கேனுக்காக மலையேறும் அளவுக்கு ஏழைகள் அவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த மறுப்பை யோசித்துப் பாருங்கள்.

இதுவரை சொன்னதை ஒரு தேசிய இன ஒடுக்குமுறைக் கதையாக முடித்துவிடலாம். குர்து தேசியவாதிகள் அப்படித்தான் சொல்வார்கள், தவறும் இல்லை. ஆனால் நம் அரங்கிலிருந்து பார்க்கும்போது இன்னொரு கேள்வி எழாமல் இருக்காது. குர்துகள் தலித்துகள் அல்லர். சாதியும் தேசிய இனமும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றென்று சொல்லிக் கைதட்டு வாங்க நான் வரவில்லை. என் கேள்வி, குர்துகளுக்குள் யார் சுமக்கிறார்கள் என்பது. எல்லையின் இரு பக்கமும் சரக்குக்காரர் பலர் குர்துகளே. கூலியை நிர்ணயிப்பவர் குர்து. பறிபோன சரக்குக்குக் கடன் சீட்டு எழுதி வாங்குகிறவரும் குர்து. ஆகாக்கள் என்ற நிலக்கிழார்களும் ஷேக்குகள் என்ற சமயத் தலைவர்களும் நெடுங்காலம் ஆண்ட சமூகம் அது. நிலமும் செல்வாக்கும் இருந்த குடும்பங்கள் கடைக்கும் நகரத்துக்கும் போய்விட்டன. நிலமில்லாதவர் முதுகு மலைக்குப் போகிறது. தியாகிகள் பட்டியலில் கோல்பரின் பெயர் சேர்கிறது. அவருடைய கூலி உயர்கிறதா என்று கேட்டால் அந்தப் பட்டியலில் பதில் இல்லை.

கலைஞர்கள் இதை முன்பே பார்த்துவிட்டார்கள். பானேயில் பிறந்த பஹ்மான் கோபாதி 2000இல் எடுத்த ‘குடித்த குதிரைகளின் காலம்’ கான் திரைப்பட விழாவில் முதல் படத்துக்கான தங்கக் கேமரா விருதைப் பகிர்ந்துகொண்டது. பெற்றோரை இழந்த பிள்ளைகள்; நோயாளி அண்ணனின் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் சேர்க்க ஒரு சிறுவன் எல்லை தாண்டும் கூட்டத்தில் சேர்கிறான். குளிர் தாங்கக் கழுதைகளுக்குத் தண்ணீரில் மது கலந்து கொடுப்பார்கள். அதனால்தான் அந்தப் பெயர். பேசப்படும் மொழி குர்து. தொழில்முறை நடிகர்கள் இல்லாமல் அந்த வட்டாரத்து மக்களையே வைத்து எடுத்தது. அதே ஆண்டு சமீரா மக்மல்பாஃப் எடுத்த ‘கரும்பலகைகள்’ படத்திலும் முதுகில் கள்ளச் சரக்கு சுமக்கும் பையன்கள் வருகிறார்கள். கரும்பலகையை முதுகில் கட்டிக்கொண்டு மாணவர்களைத் தேடி அலையும் ஆசிரியர் ஒருவர் அவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தர முயல்கிறார். இரண்டையும் கிடைத்தால் பாருங்கள்.

கடைசியாக, என்ன செய்ய வேண்டும் என்பதில் குர்துகளுக்குள்ளேயே உள்ள ஒரு விவாதத்தைச் சொல்லிவிடுகிறேன். கணவாய்களைத் திறந்துவிடு, அட்டை கொடு, காப்பீடு கொடு, சுடாதே என்று கேட்கிறவர்கள் ஒரு பக்கம். நாளை காலை அடுப்பு எரிய வேண்டிய குடும்பங்களின் கோரிக்கை அது. கோல்பர் வேலை ஒரு தொழிலே அல்ல என்று சொல்கிறவர்கள் மறுபக்கம். மனிதரைக் கழுதையாக்கும் வேலைக்கு அட்டையும் காப்பீடும் கொடுத்தால், அது குர்துகளுக்கு உரிய வேலை என்று நிலைத்துவிடும்; எங்களுக்குத் தொழிற்சாலை கொடு, நீர் கொடு, கண்ணிவெடியை எடு, வடிகட்டாமல் வேலை கொடு என்பது இவர்கள் வாதம். எனக்கு இரண்டாவது வாதத்தின் மேல்தான் சாய்வு. சில வேலைகள் சீர்திருத்தத்துக்கு உரியவை அல்ல, ஒழிப்புக்கு உரியவை என்பதை நாம் வேறு வழியில் கற்றிருக்கிறோம். ஆனாலும் முதல் தரப்பில் ஒரு கோரிக்கை இருக்கிறது, சுடாதே என்பது. அதற்காக யாரும் எந்தத் தொழிற்சாலைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

2024இல் ஈரானின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மசூத் பெசெஷ்கியான் மஹாபாத்தில் பிறந்தவர். தேர்தல் காலத்தில் கோல்பர்களின் நிலையைப் பற்றிப் பேசினார். அவர் பதவியேற்ற பிறகும் பானே, நவ்சூத் மலைகளிலிருந்து சுடப்பட்டவர்களின் வயதும் ஊரும் அந்தப் பட்டியல்களில் சேர்ந்துகொண்டிருந்தன.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.